நெட்டையின் பழைய ஷூ

விடுமுறைக்குப் போகும்போது அவனுக்கு நெட்டை என்ற பெயர் கிடையாது. திரும்பி வந்தபோது மீசை அரும்பியிருந்தது, குரல் உடைந்திருந்தது, ஆள் கிடுகிடுவென்று வளர்ந்திருந்தான். நான் மட்டும் போனபடியே வந்தேன். குட்டை என்ற பெயரும் விடாமல் கூடவே வந்தது.

தொடர் ஓட்டத்தில் மூன்றாவது ஆள் நான். என்னிடம் கட்டையை வாங்கிக் கடைசியாக ஓடுபவன் அவன். போன வருடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். இந்த வருடம் கையை நீட்டினால் அவன் முதுகு போய்க்கொண்டே இருந்தது.

"அவனுக்கு உடம்பு ஏறிடுச்சு, வேகமும் ஏறிடுச்சு. உனக்கு இன்னும் ஆரம்பிக்கலை, நீ என்ன பண்ணுவே?" என்றார் பயிற்சியாளர். ஆறுதலாகத்தான் சொன்னார். அடுத்துச் சொன்னதில் ஆறுதல் இல்லை. "இன்னிக்கும் கட்டை போய்ச் சேரலைன்னா, போட்டிக்கு வேற பையனைப் போட்டுடறேன்."

நான் எந்த இடத்துக்கு வந்ததும் நெட்டை கிளம்ப வேண்டும் என்பதற்குத் தரையில் டேப் ஒட்டுவோம். அவன் நிற்கும் கோட்டிலிருந்து நான் வரும் பக்கமாகப் பாதத்துக்குப் பாதம் ஒட்டி வைத்து, இருபது எண்ணி ஒட்டுவான். அன்று எண்ணிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்று என் காலைப் பார்த்தான். நான் போட்டிருந்தது அவனுக்குப் பத்தாமல் போன பழைய ஷூ. அவன் அம்மா துவைத்துக் கொடுத்தது.

"டேய், அதைக் கழட்டு."

"எதுக்குடா?"

"கழட்டுன்னா கழட்டேன்!"

எல்லோரும் சிரிக்கச் சிரிக்க மண்டி போட்டு, அந்த ஷூவால் இருபது அளந்தான். டேப் ஒரு முழம் அவன் பக்கம் நகர்ந்தது.

"நீ மெதுவா ஆகலைடா. என் கால்தான் பெருசாயிடுச்சு, அதே இருபதுக்கு டேப் தூரமாப் போயிடுது. நான் பாட்டுக்கு முன்னாடியே கிளம்பிட்டிருக்கேன். இரு, இன்னும் ரெண்டு குறைக்கறேன். வேகமும் கூடியிருக்குல்ல?" பேச்சின் நடுவே குரல் கீச்சிட்டது. அவனே முதலில் சிரித்தான்.

என்னைவிட வேகமான பையன் ஒருவன் என் இடத்துக்குத் தயாராக நின்றான். நெட்டை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அன்று கட்டை அவன் உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது. போட்டியில் நாங்கள் மூன்றாவதாக வந்தோம், நான்தான் கட்டையைக் கொடுத்தேன்.

இப்போது நான் அவனைவிட ஒரு விரற்கடை உயரம். அந்த ஷூ இரண்டு பேருக்குமே சேராது. ஆனாலும் டேப் ஒட்ட அதைத்தான் எடுத்துப் போகிறோம்.