தங்கச்சியின் தாடை

ஊரார் வாய் என்றால் அக்காவுக்கு அத்தனை மரியாதை. பல் டாக்டர் ஆயிற்றே! கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது நடுநடுவே நிறுத்தி, "கொஞ்சம் மூடிக்கோங்க, தாடை வலிக்கும்" என்பாள். சொந்தத் தங்கச்சி வந்து உட்கார்ந்தபோது மட்டும் அதெல்லாம் எங்கே போச்சோ! வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். நம்ம வீட்டுப் பெண்தானே என்ற மெத்தனம் வேறு. பல்லோ அடம்பிடித்தது. அது வெளியே வரும்வரை தங்கச்சி வாயைப் பிளந்தபடியே கிடந்தாள். முடியாமல் கையை ஆட்டியபோதுகூட, "சும்மா இருடி, ஆச்சு" என்று அக்கா அதட்டினாள்.

அன்றிலிருந்து தங்கச்சியின் தாடை பூட்டிக்கொண்டது. இரண்டு விரல் நுழையாது. எதையும் கரைத்துத்தான் குடிக்க வேண்டும். "எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும், நீ ரொம்பத்தான் அலட்டிக்கிற" என்று மாதக்கணக்கில் தட்டிக்கழித்த அக்காவுக்கு, ஸ்கேனில் தாடை மூட்டு இறுகிப்போயிருந்ததைப் பார்த்த பிறகுதான் தன் தப்பு உறைத்தது.

தாடை நிபுணரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள். மூட்டைக் கழுவிப் பார்ப்போம், சரிவராவிட்டால் அறுவைசிகிச்சைதான் என்று அவர் சொல்லிவிட்டார். காதுக்கு முன்னால் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டே, "எப்படிம்மா ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

தங்கச்சி அக்காவைப் பார்த்தாள்.

அக்கா முந்திக்கொண்டாள். "கொட்டாவி விட்டிருக்கா டாக்டர். அப்படியே பிடிச்சிக்கிச்சு."

சொன்ன நாக்கு கூசியது. தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

நிபுணர் மூட்டுக்குள் இரண்டு ஊசிகளை இறக்கினார். ஒன்றின் வழியே உப்புநீரைச் செலுத்தினால் மற்றதன் வழியே வெளியே வர வேண்டும். சொட்டுகூட வரவில்லை. பாவி, என்னால்தானே இவளுக்கு இந்தக் கதி என்று அக்காவுக்கு மனசு அடித்துக்கொண்டது. அவர் தங்கச்சியின் தாடையை மெல்ல அசைத்து மறுபடி அழுத்தினார். நீர் வழிந்தது. நன்றாகக் கழுவியதும் ஓர் ஊசியை உருவிவிட்டு, இன்னொன்றின் வழியே மூட்டுக்கு வழவழப்பு தரும் மருந்தை ஏற்றினார்.

"எங்கே, திறம்மா."

திறந்தது! மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. அக்கா அழுதேவிட்டாள்.

"பயிற்சியை விடாம செய்யணும்," என்றார் நிபுணர். "அந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லும் கோணலா இருக்கு, அப்புறமா எடுத்துடணும். உனக்கென்னம்மா, வீட்டுலயே டாக்டர்! அக்காவே எடுத்துடுவாங்க."

"இல்ல டாக்டர், நீங்களே எடுத்துடுங்க. அக்காவுக்குத் தலைக்கு மேல வேலை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவள் கன்னத்தில் உப்புநீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அக்கா பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனாள். தங்கச்சி முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள்.

"குடுக்கா, நானே துடைச்சுக்கிறேன்."