அழாத பிள்ளை

மோகனராஜின் மகள் வினுஷிகா மூன்று வயது முடிந்தும் தன் கையால் ஒரு வாய் சோறு அள்ளித் தின்னவில்லை. அதை ஒரு குறையென்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். மோகனராஜுக்கோ உள்ளூர அது ஒரு பெருமை. அவர்கள் இருந்த வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ் நிற்கும் இடங்களின் பெயரை உருண்டைக்கு ஒன்றாக வைத்து அவன் ஊட்டுவான். இது மடவளை, இது பொல்கொல்ல, இது மாவில்மட என்று போய்க் கண்டி வந்து சேரும்போது தட்டு காலியாகியிருக்கும். அவன் மனைவி கிருஷாந்தியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வித்தையைச் செய்து பார்த்தாள். பஸ் மடவளையைத் தாண்டவில்லை.

கிருஷாந்திக்குக் கண்டியில் ஒரு வங்கியில் வேலை. காலையில் ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறினால் திரும்பி வர மாலை ஆறு மணியாகும். மோகனராஜ் கண்டியில் பளீல் முதலாளியின் அச்சகத்துக்குக் கலியாண அட்டையும் பெயர்ப்பலகையும் வடிவமைத்துக் கொடுப்பவன். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது முதலாளியே மனமிரங்கி, கணினியை வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, காய்ச்சலுக்கு மருந்து புகட்டுவது எல்லாம் அவன்தான். அவனுக்கு அதிகம் பேச வராது. வேலை இல்லாத நேரத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவான். மகள் அவன் காலடியில் எதையாவது அடுக்கிக்கொண்டு கிடப்பாள். ஒரு சொல்லும் பேசாமல் இரண்டு பேரும் ஒரு முற்பகலையே கழித்துவிடுவார்கள். உலகத்தில் வேறு யாரோடும் அவனுக்கு அப்படி ஒரு மௌனம் வாய்த்ததில்லை.

நவம்பரில் முதலாளி கூப்பிட்டார். புது மெஷின் இறக்கியிருப்பதாகவும், ஜனவரியிலிருந்து கடைக்கு வந்தே ஆகவேண்டும் என்றும் சொன்னார். "வீட்டுல இருந்து செஞ்சது போதும் தம்பி. புள்ளயும் வளந்துட்டு தானே?" பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பதை வேறொருவர் வாயால் கேட்டபோது அவனுக்குச் சுருக்கென்றது.

அப்படித்தான் முன்பள்ளி தேடுகிற வேலை வந்து சேர்ந்தது. கிருஷாந்தி வங்கியில் நாலு பேரிடம் விசாரித்து மூன்று இடங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். வருஷக் கடைசியில் அவளுக்கு லீவு கிடைக்காது.

"நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. அவள உங்களுக்குத்தான் தெரியும்," என்றாள்.

அவள் எந்தக் குரலில் அதைச் சொன்னாள் என்று அவன் கவனிக்கவில்லை. சொன்னது மட்டும் இனித்தது.

காகிதத்தில் முதலாவதாக இருந்தது ஜெயராணி டீச்சரின் இடம். வத்தேகம சந்தைக்குப் பின்னால், ஒரு வீட்டின் கீழ்த்தளம். இருபத்திரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் எடுப்பதில்லை. ஜெயராணிக்கு நாற்பது வயதிருக்கும். வந்த பிள்ளையைக் கொஞ்சவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை, பேர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து போத்தல் மூடிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தவள், அப்படியே பிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வினுஷிகா அப்பாவின் விரலை விட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எதிரே போய்க் குந்தினாள். ஒரு சிவப்பு மூடியை எடுத்து நீட்டினாள். ஜெயராணி வாங்கி வைத்தாள். அவ்வளவுதான். இருவருக்குமிடையில் பேச்சே இல்லை.

அந்த மௌனம் தன்னுடையது என்று மோகனராஜ் நினைத்திருந்தான்.

பத்து மணிக்கு அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் கொடுத்தார்கள். அவன் எழுந்து போய், மகளுக்குத் தானாகத் தின்ன வராது, தான் ஊட்டிவிடுவதாகச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து, ஐந்து விரலாலும் அள்ளி, வாயிலும் சட்டையிலுமாக ஒரு தட்டு பயறையும் தின்று முடித்துவிட்டாள். ஒரு பஸ்ஸும் தேவைப்படவில்லை.

கிளம்பும்போது வரமாட்டேன் என்றாள். "அப்பா, நீங்க போயிட்டு வாங்க," என்று பெரிய மனுஷி போலச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயராணியும் சிரித்தாள்.

"இவ அழமாட்டா. அப்பாவுக்குத்தான் ரெண்டு கிழமை கஷ்டமா இருக்கும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு வந்துவிட்டான். வழியெல்லாம் மகள் டீச்சரைப் பற்றியே பேசினாள். வீட்டுக்கு வந்ததும் அவனைத் தரையில் உட்காரவைத்து மூடிகளை அடுக்கச் சொன்னாள். அவன் அடுக்கினான். டீச்சர் இப்படி அடுக்கவில்லை என்று சொல்லிக் கலைத்தாள்.

அன்று முழுவதும் அந்த இடத்தின் குறைகளை அவன் மனதில் கோத்துக்கொண்டிருந்தான். வாசலுக்கு முன்னால் கழிவுநீர்க் கான் திறந்து கிடக்கிறது. சந்தை நாளில் லொறிகள் வரும். கழுவுகிற இடம் ஈரம், வழுக்கும். அத்தனையும் உண்மைதான். ஆனால் பயறுத் தட்டு அல்லவா முதலில் வந்து, மற்றதையெல்லாம் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது? அது அவனுக்கும் தெரிந்தேயிருந்தது.

இரண்டாவது இடம் கண்டி டவுனுக்குள். அங்கே பிள்ளையைவிடப் பெற்றோரைத்தான் துருவினார்கள். வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு அம்மணி ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் தமிழ் என்றதும் எதையோ எழுதிக்கொண்டாள். அந்த இடத்தின் கட்டணத்தைக் கேட்டபோது யோசிக்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

மூன்றாவது மடவளைப் பக்கம். நல்ல இடம், யாரும் குறை சொல்ல முடியாது. பெரிய மண்டபம், நாற்பது பிள்ளைகள், சுவரெல்லாம் படம். தலைமை டீச்சர் ஓடிவந்து, "வாங்க செல்லம்," என்று கையைப் பிடித்தாள். வினுஷிகா வீறிட்டுக் கத்தினாள். அவன் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கியதும் அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்து, சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தேம்பினாள். அந்தச் சூடான கண்ணீர் அவன் காலருக்குள் இறங்கியது. மூன்று நாளாக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது அப்படியே அடங்கிப்போயிற்று. டீச்சர் பதறினாள். புதுசுதானே, பழகிவிடுவாள் என்று அவன் அவளைத் தேற்றினான். பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டான்.

மாலையில் கிருஷாந்தி ஜெயராணியின் இடத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். அவள் அதைத்தான் விரும்பியிருந்தாள். வீட்டுக்குக் கிட்ட, தமிழ் டீச்சர். அவன் சட்டியைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "அங்க எடம் முடிஞ்சிருச்சாம்," என்றான். அவள், சரி, கொடுத்து வைக்கவில்லை என்று விட்டுவிட்டாள்.

ஜனவரியில் அழுகை தொடங்கியது. காலையில் முன்பள்ளி வாசலில் மகளைத் தன் மேலிருந்து பிய்த்துத்தான் கொடுக்கவேண்டியிருந்தது. பத்தரை மணிக்குக் கடைக்கு டெலிபோன் கோல் வரும், வந்து கூட்டிப்போங்கள் என்று. போட்டது போட்டபடி பஸ் ஏறுவான். முதலாளி முணுமுணுப்பார். மடவளையில் இறங்கி வாசலுக்குப் போனால், அவள் ஓடிவந்து விழுவாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவன் முதலாளியின் முகத்தையும் பொறுத்துக்கொண்டான். அவளுக்கு என்னைவிட்டால் யாருமில்லை என்று கிருஷாந்தியிடம் அலுத்துக்கொள்வதுபோல் சொல்வான். அவள் மறுநாள் சேலையை எடுத்து வைக்கப் போய்விடுவாள்.

மூன்றாவது கிழமையில் கோல் நின்றுவிட்டது. மகள் இப்போது அழுவதில்லை, நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று டீச்சர் சொன்னாள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கே போய், ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தான். யாரிடம் ஒட்டிக்கொண்டாள் என்று பார்க்கத்தான் போனான்.

அவள் யாரிடமும் ஒட்டவில்லை. கதவோரம் ஒரு சின்னக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகில் பை. காலையில் அவன் மாட்டிவிட்ட பை, வார் இரண்டும் தோளில் கிடந்தபடி. மற்றப் பிள்ளைகள் வட்டமாக நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் வெளிவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு நின்ற பெண் அவனைக் கண்டு வெளியே வந்தாள். பையைக் கழற்ற விடுவதே இல்லையாம். கழற்றினால் அப்பா வரும்போது நேரமாகிவிடும் என்கிறாளாம். தின்பதும் இல்லை. "ஆனா சத்தமே இல்ல சார், அவ பாட்டுக்கு இருப்பா," என்றாள் அந்தப் பெண்.

அவன் அன்று மகளைத் தூக்கிக்கொண்டு மடவளைச் சந்தியில் நின்று இரண்டு பஸ்ஸைப் போகவிட்டான். ஏறத் தோன்றவில்லை. கழுத்தைக் கட்டியிருந்த கை முன்போலத்தான் இறுக்கமாக இருந்தது. ஆனால் அதில் அவனுக்கு ஒரு சுகமும் இல்லை.

ஞாயிறு பிற்பகல் கிருஷாந்தி அந்தக் கிழமைக்கான சேலைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளறையில் தூங்கினாள். அவன் கதவு நிலையில் வந்து நின்றான்.

"ஜெயராணி டீச்சர்கிட்ட எடம் இருந்துச்சு. நாந்தான் பொய் சொன்னேன்."

அவள் கை நிற்கவில்லை. சேலையின் கரை முழுவதையும் தேய்த்து முடித்துவிட்டு, ஏன் என்று கேட்டாள்.

"அங்க அவ அழல," என்றான் அவன்.

கிருஷாந்தி அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

"மூணு வருஷமா நான் பஸ்ஸுக்குப் போறப்ப எனக்குந்தான் அழல. உங்க தோள்ல இருந்துக்கிட்டுக் கைய ஆட்டுவா. காய்ச்சல்னு நான் லீவு போட்டு மடியில வச்சிருந்த அன்னைக்கும் அப்பா எங்கன்னுதான் கேட்டா. நான் என்னங்க பண்ணியிருக்கணும்? அவ அழுகிற எடமாப் பாத்துத் தேடிக் கொண்டுபோய் விட்டிருக்கணுமா?"

அவன் அவளைப் பார்த்தான். மூன்று வருஷமாகக் காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், அம்மாவுக்கு டாட்டா சொல்லு என்று கையைப் பிடித்து ஆட்டிவிட்டவன் அவன்தான். பஸ்ஸில் ஏறிய பிறகு கிருஷாந்தியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாள்கூட அவனுக்கு யோசனை போனதில்லை. பொறாமை என்கிற ஒன்று இந்த வீட்டில் அவனுக்கு முன்பே வந்து, சத்தமில்லாமல் சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டு, ஆறே முக்கால் பஸ்ஸுக்குப் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது.

"நாளைக்கு நான் லீவு," என்றாள். "அந்த டீச்சர்கிட்ட வந்து உங்க வாயால கேளுங்க."

கேட்டான். தான் சொன்ன பொய்யையும் ஒத்துக்கொண்டான். ஜெயராணி அவனை நிமிர்ந்து பார்த்தாள், கேலி செய்யவில்லை. பொங்கல் வரைக்கும் வினுஷிகாவுக்காக இடத்தை வைத்திருந்து, பிறகுதான் வேறு பிள்ளைக்குக் கொடுத்தாளாம். இப்போது இருபத்திரண்டும் நிறைந்துவிட்டது. பெப்ரவரி நடுவில் ஒரு குடும்பம் கெலிஓயாவுக்கு வீடு மாறிப்போகிறது, அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். கிடைக்காது என்றிருந்த லீவைக் கிருஷாந்தி மேலாளரிடம் நின்று வாங்கினாள், பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் மோகனராஜ் கடையிலிருந்து வரும்போது தாயும் மகளும் அவனுக்குத் தெரியாத எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டால் மகள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போனான். நெஞ்சு எரிந்தது, தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் ஊற்றிக்கொண்டு நின்றான்.

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை இருவருமாக மகளைக் கூட்டிப்போனார்கள். வினுஷிகா வாசலிலேயே பையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள், செருப்பை அப்பாவிடம் கொடுத்தாள், உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயராணி வந்து இரண்டையும் வாங்கிக்கொண்டு, மாலை ஐந்து மணிக்கு வாருங்கள் என்றாள்.

இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். சந்தைச் சுவர் வரைக்கும் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அதில் தன் மகளின் குரல் எது என்று பிரித்தெடுக்க அவன் நின்று நின்று பார்த்தான். முடியவில்லை. கிருஷாந்தி நாலடி முன்னால் போய், அவன் வரட்டும் என்று நின்றாள்.

"முதல் மாசந்தான் இப்பிடி இருக்கும்," என்றாள். "பெறகு பழகிரும்."

"ஒனக்குப் பழகுச்சா?"

அவள் கைப்பையைத் திறந்து பஸ்ஸுக்குச் சில்லறை தேடினாள். தேடி எடுத்து, மூடி, தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இல்ல," என்றாள்.