கீழ்த் தட்டு ஈக்கள்

“ஈக்கு மறந்துபோச்சுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? தெரிஞ்சுக்கிட்டே அது சும்மா இருக்கலாம்ல?” என்று மகள் ஒருநாள் கேட்டாள். பழ ஈக்களின் முதுமையையும் ஞாபகத்தையும் ஆராய்ந்து சம்பளம் வாங்கும் அம்மா தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். “பேசாம சாப்பிடு” என்றாள்.

அவளுடைய ஆய்வுக்கூடத்தில் ஈக்களுக்கு இரண்டு வாசனைகளைக் காட்டுவார்கள். ஒன்றோடு மட்டும் லேசாக ஷாக் கொடுப்பார்கள். பிறகு இரண்டாகப் பிரியும் குழாயில் விட்டால், இள ஈக்கள் அடிவாங்கிய வாசனைப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. கிழட்டு ஈக்களோ எல்லாவற்றையும் மறந்து, மாமியார் வீட்டுக்குப் போவதுபோல நேரே அங்கேயே போகும். அந்த மறதிக்கு இயக்குநர் ஓர் இலைச்சாறு கண்டுபிடித்திருந்தார்.

அது பலித்தும்விட்டது. சாறு கலந்த கூழைத் தின்ற கிழட்டு ஈக்கள் பரீட்சையில் வெளுத்துவாங்கின. மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. இயக்குநருக்கு அதுவரை பொறுமையில்லை. தாமே தினம் ஒரு கரண்டி குடிக்க ஆரம்பித்திருந்தார்.

அன்று காலை, கழுவப் போட்டிருந்த பழைய குழாய் ஒன்றை அவள் தற்செயலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்: ‘கீழ்த் தட்டு’.

ஈ முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு மூன்று நாளைக்கொருமுறை கிழடுகளைப் புதுக் குழாய்க்கு மாற்றிவிட வேண்டும். விட்டால் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரோடு கலந்துவிடும். இந்தக் குழாயின் சுவரெல்லாம் பிள்ளை ஈக்கள் உடைத்துக்கொண்டு வெளியேறிய காலிக் கூடுகள். கிழடுகள் கூழில் ஒட்டிச் செத்துக் கிடந்தன. பரீட்சை எழுதியவை பிள்ளைகள்! முதுமையை வென்றதற்கான மாலை நாளைக்கு அந்தப் பொடிசுகளின் கழுத்தில் விழப்போகிறது.

மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களில் இந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டவர் அண்ணன். கூடத்தின் மூத்த உதவியாளர். அதனால் எல்லோருக்கும் அண்ணன். “நீ புள்ளையப் பாரும்மா, ஈக்களை நான் பாத்துக்கறேன்” என்று அவள் கேட்காமலே ஏற்றுக்கொண்டு, விடுமுறை நாட்களிலும் வந்துபோனவர்.

“அண்ணே, கீழ்த் தட்டையும் மாத்தினீங்கல்ல?”

“மாத்தாம இருப்பேனா? மேல இருந்த அத்தனையையும்...” பாதியில் நின்றார். “கீழ ஒரு தட்டு இருந்துச்சாம்மா?”

மேல் தட்டில் வெறும் கூழ். கீழ்த் தட்டில் சாறு கலந்தது. அவள் பழைய குழாயை அவரிடம் நீட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

“கொஞ்ச நாளா இப்படித்தான் ஆகுது. வீட்ல கூடச் சொல்லல. பெரியவருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. கடைசிப் பொண்ணு இன்னும் படிக்குது.”

மறதிக்கு மருந்து தேடும் அந்த இடத்தில், ஈக்கு மறதி வந்தால் ஆராய்ச்சி. மனிதருக்கு வந்தால் சீட்டுக் கிழியும். அவள் மனதுக்குள் ஆண்டவனைக் கும்பிட்டுக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போனாள்.

“வாம்மா, வா! சாறு குடிக்க ஆரம்பிச்சதுலேருந்து எனக்கு எதுவுமே மறக்கிறதில்ல. ஆமா, உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்?”

“நீங்க கூப்பிடல சார். நானா வந்தேன்.”

குழாயில் பார்த்ததைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

“குழாயை மாத்தாம விட்டது யாரு?”

“என் குழாய் சார். பொறுப்பு என்னுது.”

அது பொய்யில்லை. ஆனால் அந்த வாரங்களில் அவள் விடுப்பில் இருந்தாள். விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டவரே இவர்தான். அது அவருக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. சாறு யாருக்கோ நல்லது செய்துவிட்டது.

“அடுத்த வருஷம் உனக்கு இங்க வேலை இருக்கும்னு கனவு காணாதே.”

“சரி சார்.”

மறுநாள் கூட்ட அறையில், “நம்பிக்கை தரும் தொடக்கம், மேலும் ஆராய வேண்டும்” என்று இயக்குநர் முழங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் அங்கே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். ஈக்கள் இருந்த அறையில் யாருமில்லை.

அவள் அண்ணன் பொறுப்பிலிருந்த ஈக் குழாய் அலமாரியைத் திறந்தாள். முன்வரிசை சுத்தமாக இருந்தது. பின்வரிசைக் கூழில் புழுக்கள் நெளியத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு குழாயாகப் புதுக் குழாயின் வாயில் கவிழ்த்து, மெல்லத் தட்டி, ஈக்களை மாற்றிப் பஞ்சால் அடைத்தாள். தேதி எழுதி ஒட்டினாள். அவர் வைத்திருந்த வரிசையிலேயே திரும்ப அடுக்கிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.