பனை இல்லாத படம்

நினைவு மலரின் அட்டையைப் பார்த்ததும் செலீன் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். அழுகையினால் அல்ல.

அவளுடைய புருசன் வலன்ரைனின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. கத்தோலிக்கக் கோயிலுக்குக் கீழேயிருந்த மண்டபத்தில் அவரின் தங்கை ஜொய்சி வடைகளைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோயில் பங்குச் சபைக்காரர் பத்திநாதர் அச்சடித்து வந்த நினைவு மலர்ப் புத்தகங்களின் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருப்பவர்போல் நின்றார்.

அட்டையில் இருந்தது வலன்ரைன் கீறிய படம். மேற்கே சஸ்கச்சவான் சமவெளி. கீழே விரலளவுக்கு மஞ்சள் நிலம், தூரத்தில் உயரமாய் ஒரு சிவப்புக் கட்டடம், மிச்சமெல்லாம் வானம். அந்த வானத்தைக் குத்திக்கொண்டு மூன்று பனைமரங்கள் நின்றன.

“இந்தப் பனையள் எங்கால வந்தது, பத்தியண்ணை?”

“மருமோன் கொம்பியூட்டரில வைச்சவன். வடிவாயிருக்கெல்லே? வெறும் வெளியாக் கிடந்தது, தங்கச்சி. அப்பிடியே எங்கட ஊர் மன்னார்தான், பனை மட்டும்தான் குறை. இஞ்ச பார், எங்கட கோயிலையும் கீறியிருக்கிறார்.” அவர் சிவப்புக் கட்டடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“அது கோதுமை கொட்டி வைக்கிற களஞ்சியம்.”

பத்திநாதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “தூரத்தில பாத்தால் கோயில்தான்” என்றார்.

படத்தின் கீழே தடித்த எழுத்தில், ‘தாயகத்தைத் தூரிகையில் சுமந்தவர்’ என்று இருந்தது.

வலன்ரைன் மன்னாரை ஒருநாளும் கீறியதில்லை. சென்ட் லோரன்ட் பகுதியில் விளம்பரப் பலகை செய்யும் தொழிற்சாலையில் வேலை. கோடை விடுமுறைக்கு மற்றவர்கள் ரொறன்ரோவில் கலியாணவீடுகளுக்குப் போக, அவர் மேற்கே போகும் ரயிலில் ஏறிவிடுவார். சமவெளி, அல்பேட்டா மலைகள், மறுபடி சமவெளி. முதல்தடவை கூடப் போனபோது, நுளம்புக்கடியில் நின்றுகொண்டு செலீன் கேட்டாள்:

“இதில என்ன இருக்கெண்டு கீறுறியள்?”

“ஒண்டுமில்லை. என்னட்டை ஒண்டும் கேக்காத இடம். சும்மா பாத்தாக் காணும், வேறொண்டும் வேண்டாம்.”

மற்ற இடமெல்லாம் கேட்டது. தமிழ்ச் சங்கமொன்றின் ஓவியப் போட்டியில், ‘எங்கட சனத்தின்ர துயரம் இதில எங்கை, தம்பி?’ என்று கேட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய துறைமுகப் பக்கத்துக் ஓவியக் காட்சிக்கூடத்தில் ஒருத்தி மெர்சி, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சிரித்தபடியே, மலைகளை இங்கே பிறந்தவர்கள் கீறட்டும், நீங்கள் உங்கள் போரைக் கீறலாமே என்றாள். புவாண்ட்-கிளேர் புறநகரில் ஒரு மண்டபச் சுவரில் படங்கள் சில வாரம் தொங்கின. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிப் பல் வைத்தியர் ஒருவர் இரண்டை வாங்கினார். அவ்வளவுதான் அவர் கண்ட புகழ். அவர் முகம் கறுத்ததில்லை. அடுத்த கோடையில் மறுபடி ரயில். அவருக்கும் சேர்த்துக் கோபப்பட்டது செலீன்தான். இப்போது அந்தக் கோபமெல்லாம் திரண்டு வந்து இந்த மூன்று பனைகளில் முட்டி நின்றது. உயிரோடிருந்தபோது அவர் கொடுக்க மறுத்ததை, செத்த பிறகு அவர் கையிலிருந்து பறித்துவிட்டார்கள்.

அவள் ஒரு மலரை எடுத்து அட்டையைக் கிழித்தாள். பிறகு அடுத்ததை.

“விசரே உனக்கு? சனம் வரப்போகுது!” என்றார் பத்திநாதர்.

“வரட்டும். பேர், திகதி எல்லாம் உள்ளுக்கையும் கிடக்கு.”

“மூண்டு பனைக்கு இவ்வளவு கோவமே?”

“உங்கட கலியாணப் படத்தில வேற பொம்பிளையை வைச்சுத் தந்தால், வடிவெண்டு வாங்குவியளே?”

“கேக்காதேங்கோ மச்சாள்,” என்றாள் ஜொய்சி வடைத்தட்டுக்குப் பின்னாலிருந்து, “அவர் ஓமெண்டு சொல்லிப்போடுவார்.”

செலீன் சிரிக்கவில்லை. ஜொய்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அட்டையை எடுத்து நெடுநேரம் பார்த்தாள். கண் கலங்கியது.

“வடிவாத்தான் கிடக்கு” என்றாள். “ஆனா அண்ணை ஊரில இருக்கேக்கையும் பனை கீறினவரில்லை. கடலைத்தான் கீறுவார். அதிலயும் வள்ளம் இராது.”

அவளும் கதிரையை இழுத்துப்போட்டுக் கிழிக்கத் தொடங்கினாள்.

சனம் வந்தபோது மொட்டை மலர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. “அட்டை எங்கை பிள்ளை?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் செலீன் ஒரே பதில் சொன்னாள்: “அது அவர் கீறினதில்லை.”

பத்திநாதர் கிழிந்த அட்டைகளை அள்ளிப் பெட்டியில் போட்டார். கிழியாமல் வந்த ஒன்றை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கோட்டுக்குள் செருகினார். செலீன் பார்த்துவிட்டாள். அவர் அதைத் திரும்ப வெளியே எடுக்கப் போனார்.

“கொண்டு போங்கோ, அண்ணை” என்றாள். குரல் கொஞ்சமும் இளகவில்லை. “அது உங்கட படம்.”