செவ்வாய்க்கு அப்பால் இரண்டு வயல்

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டி இருந்த நடராசனின் வயலும் அவருடைய அண்ணன் வைத்திலிங்கத்தின் வயலும் இப்போது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, குறுங்கோள்கள் திரியும் பட்டையில், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. போனது ஒரு குறுவைப் பருவத்தில், பட்டப்பகலில். காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பா பாகம் பிரித்தபோது நடுவே விட்ட வரப்பில் இரண்டு மாடுகள் அருகருகே நடந்து போகலாம். நடவுக்கு முன் வரப்பின் பக்கவாட்டுப் புல்லையும் மண்ணையும் செதுக்கி அண்டை வெட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். அண்ணன் தன் பக்கம் ஒரு விரல்கடை கூடுதலாகச் செதுக்குவார்; தம்பி தன் பக்கம் இரண்டு விரல்கடை. வருஷங்கள் போகப் போக வரப்பு ஆள் நடக்கும் அளவாகி, நண்டு நடக்கும் அளவாகி, கடைசியில் கயிறு போலக் கிடந்தது. அதையும் இருவரும் ஒரே நேரத்தில் கொத்தியபோது, பிடிமானம் விட்டுப்போன இரண்டு வயல்களும் சேற்றோடும் தண்ணீரோடும் ஆளோடும் மேலே கிளம்பின. பக்கத்து வயல்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அந்த இரண்டு பேருடைய முறைத் தண்ணீர் இனி யாருக்கு என்று பேச ஆரம்பித்தார்கள்.

வானாய்வு மையத்திலிருந்து ஆஷிகா என்ற பெண் வந்து, நடராசனின் மனைவி பிரகதாம்பாளிடம் விவரம் சொன்னாள். சேறு குளிர்ந்து பாறையாகிவிட்டது. மூத்தவருக்கென்று அப்பா கொஞ்சம் கூடவே ஒதுக்கியிருந்ததால் வைத்திலிங்கத்தின் பாறை பெரியது, நடராசனுடையது சிறியது. சின்னது பெரியதைச் சுற்றுவது போலத் தெரியும். உண்மையில் இரண்டும் நடுவில் இருக்கும் ஒரு புள்ளியைத்தான் சுற்றுகின்றன.

"அந்த நடுவுல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்கம்மா. வரப்பு இருந்த எடம்னு வெச்சுக்குங்க."

எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று கேட்டவர்களெல்லாம் வெளியூர்க்காரர்கள். பிரகதாம்பாள் கேட்டது, எப்படி இறங்குவார்கள் என்று மட்டும்தான். அது சுலபம் என்றாள் ஆஷிகா. இருவரில் ஒருவர் ஒரு மண்வெட்டி மண்ணை மற்றவரின் வயலுக்கு வீசினால் போதும். சுற்று கலைந்து, இரண்டும் கிளம்பிய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நடராசனின் இடுப்பில் செருகியிருந்த செல்போனுக்கு அங்கே சிக்னல் கிடைத்தது. கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். "ஏங்க, ஒரே ஒரு வெட்டு மண்ணு. கண்ண மூடிக்கிட்டு அந்தப் பக்கம் வீசிட்டு வாங்க" என்றார் பிரகதாம்பாள். சோறு வடித்த பிறகு பதில் வந்தது: "அவன் மொதல்ல வீசட்டும்." பெரியவரையும் அவருடைய போனில் கூப்பிட்டுக் கெஞ்சினார். மனைவியும் பிள்ளையும் இல்லாத வைத்திலிங்கம், "யாரு ஆரம்பிச்சதுன்னு ஓம் புருஷனையே கேளும்மா" என்று வைத்துவிட்டார். டீக்கடையில் சில காலம், "என்னக்கா, மாமா இன்னிக்கு எந்தப் பக்கமா சுத்துறாரு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பிறகு அதுவும் சலித்துவிட்டது.

நடராசனுக்கு அறுபது முடிந்தபோது, சிங்கப்பூரிலிருந்து மகன் பிரபு திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்தான். அப்பா இதற்காவது இறங்குவார் என்று நினைத்தான். பிரகதாம்பாளும் நினைத்தார். அரக்குப் பட்டுடுத்தி, மாலை போட்டுக்கொண்டு, பக்கத்து மணை காலியாகக் கிடக்க, முகூர்த்தம் தாண்டும்வரை உட்கார்ந்திருந்தார். மற்ற ஜோடிகள் வரிசையாகத் தாலி கட்டிக்கொண்டு எழுந்துபோனார்கள். போனில் கூப்பிட்டதற்குப் பதில் வந்தபோது மணவறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "நான் வீசுனா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். நீ அங்க ஒப்பேத்திக்க." பிரகதாம்பாள் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டார். இலையை மூடிவிட்டு, மாலையைக் கழற்றிப் பிரபுவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

வயல்கள் போன இடத்தில் இருந்த பெரிய பள்ளத்தில் அந்த மாதமே வாய்க்காலைத் திறந்துவிட்டார். அதிராம்பட்டினத்து ஜாஃபர் சாதிக் கெண்டைக் குஞ்சுகள் கொண்டுவந்து விட்டார். மீன் நன்றாக வளர்ந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு காலையில் போன் அடித்தது. நடராசனின் குரலில் பழைய தெம்பு இருந்தது. "பெரகதா, அண்ணன் போயிட்டான். ரெண்டு நாளா எந்திரிக்கல, மண்வெட்டியும் அப்படியே கெடக்கு. இனிமே ரெண்டு பங்கும் நம்மளுதுதான். வீசறதுக்கு எனக்கென்ன? சொல்லு, வீசிட்டு வந்துடட்டுமா?"

பிரகதாம்பாள் மீனுக்குப் போட எடுத்த தவிட்டு வாளியைக் கீழே வைத்தார். இறந்துபோன பெரியவருக்காகத் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். பிறகு போனை எடுத்து, "வேண்டாங்க. அங்கேயே இருங்க. இங்க எறங்க எடமில்ல, மீன் கெடக்கு" என்றார்.

பதில் போய்ச் சேர்வதற்குள் தவிடு போட்டு முடித்துவிட்டார். ஆஷிகாவின் மையம் அதன்பின் எடுத்த படங்களில் இரண்டு பாறைகளும் பழையபடியே சுற்றுகின்றன. பெரியதில் அசைவில்லை, சின்னதில் ஓர் ஆள் மண்வெட்டியோடு நிற்கிறார். குளத்தில் சனிக்கிழமை மாலை வலை போடுகிறார்கள். ஞாயிறு காலையில் கெண்டை கிலோ இருநூறுக்குப் போகிறது. பெரிய மீனென்றால் கொஞ்சம் கூடுதல்.