தமிழ்க் குரல் – ரோஸி

‘ஸிரானா’ என்ற வெளிநாட்டுப் படத்தின் நான்காம் பாகம் ஏன் ஊற்றிக்கொண்டது என்று உலகம் முழுக்க ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதை இங்கே வாங்கி வெளியிட்ட கம்பெனி ஒரே காரணம்தான் சொன்னது. ரோஸியின் குரல்.

அந்தக் குரலுக்கு வசனம் எழுதியவன் நான், துளசிங்கம். வேற்றுக்கிரகவாசிகளுக்குத் தமிழ் எழுதுவதுதான் என் பிழைப்பு. பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மெண்ட்காரர்கள் “என்ன வேலை சார்?” என்று கேட்டால், “மொழிபெயர்ப்பு” என்று சொல்லிவிட்டு, ஏதோ மத்திய அரசு உத்தியோகம்போல முகத்தை வைத்துக்கொள்வேன்.

ரோஸி பல்லாவரத்துக்காரர். பதினாறு வருஷமாக டப்பிங்கில் கும்பல் குரல் கொடுக்கிறவர். “ஓடுங்க!”, “காப்பாத்துங்க!”, “அய்யோ, வானத்தப் பாருங்க!” இப்படிக் கத்தியே நாற்பது படங்களில் செத்திருக்கிறார். ஸிரானாவின் முதல் மூன்று பாகங்களில் மிர்ரா என்ற ரோபோவுக்கு மொத்தமே ஒன்பது வரி. வேறு ஆள் கிடைக்காததால் அதையும் அவரையே பேசச் சொன்னார்கள். நான்காம் பாகத்தில் கதையே மிர்ராதான் என்று ஆகிவிட்டது. இரண்டு மணி நேரமும் ரோஸிதான் பேசினார். டைட்டிலில் பேர் போடுவதாகவும் சொன்னார்கள். அவர் பேர் திரையில் வருவது அதுதான் முதல் தடவை.

படத்தை ஆயுத பூஜை விடுமுறையில் வெளியிட்டார்கள். கம்பெனியில் காலண்டரைப் பார்த்து “நாலு நாள் லீவு!” என்று குதித்தார்கள். நானும் சேர்ந்து குதித்தேன். தாம்பரம் பக்கம் நாலு நாள் லீவு விட்டால் ஜனம் தியேட்டருக்கா வரும்? மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகும். வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் ரசிகப் பெருமக்கள் மொத்தப் பேரும் என் வீட்டு பால்கனிக்குக் கீழேதான் திருநெல்வேலி பஸ்ஸுக்கு நின்றார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நான் டீ குடித்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை ஒரு யூடியூப் விமர்சகர், “ரோபோ பல்லாவரம் சந்தையில பேரம் பேசுற மாதிரி இருக்கு” என்றார். கம்பெனிக்கு அது போதுமாயிருந்தது. பழியை இறக்கிவைக்க ஒரு தோள் கிடைத்துவிட்டது. அங்கே நிர்வாகம் பார்க்கும் சின்மயி எனக்குப் போன் செய்தார்.

“சார், ஓடிடிக்கு வேற வாய்ஸ் போடறோம். ஆனா நடுவுல வாய்ஸ் மாத்தினா ஃபாரின் ஸ்டூடியோ காரணம் கேப்பாங்க. ரோஸியே விலகிக்கிட்ட மாதிரி ஒரு லெட்டர் வேணும். தொண்டைப் பிரச்சினைன்னு போட்டுக்கலாம். நீங்க எழுதினா நல்லா இருக்கும்.”

எழுதினேன். நல்லாவே எழுதினேன், அதுதான் கேவலம். ‘என் குரல்வளையின் நலன் கருதி’ என்று ஆரம்பித்து ஒரே ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் முடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியோடு தாம்பரத்தில் படத்தைத் தூக்குவதாக இருந்தார்கள். தமிழில் அதற்குப் பிறகு வேறெங்கும் ஓடவில்லை. ரோஸியும் நானும் போனோம். காட்டாங்குளத்தூர் கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். பத்து டிக்கெட் விற்றால்தான் காட்சி என்பதால், எங்கள் இரண்டு தலைகளின் புண்ணியத்தில் படம் ஓடியது.

விளக்கு அணைவதற்கு முன்பே கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். பின்னால் கொடுக்கத் தைரியம் வராது என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ரோஸி இரண்டு தடவை படித்தார்.

“நீங்க எழுதுனதா?”

“ஆமாம்மா.”

“அதான் அழகா கீது. கையெழுத்துப் போடலன்னா?”

“அவங்க வேலை எதுக்கும் இனிமே கூப்பிட மாட்டாங்க. கும்பலுக்குக்கூட.”

ரோஸி கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். “மொதல்ல எம்பேரு வருதான்னு பாக்கறேண்ணா. அப்பால கையெழுத்து.”

தமிழில் பேசியவர்களின் பெயர்கள் படத்தின் ஆகக் கடைசியில் வரும். அதற்கு முன்னால் வெளிநாட்டுப் பெயர்கள் பதினோரு நிமிஷம் ஓடும். நம் ஊரில் அந்தப் பதினோரு நிமிஷத்தை யாரும் பார்த்ததில்லை. கதை முடிந்து முதல் பெயர் மேலே ஏறியதுமே கதவு திறக்கும், விளக்கு எரியும், திரை கறுத்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. மிர்ரா தன் கிரகத்துக்குத் திரும்பிப் போனதுமே திரை கறுத்தது. தியேட்டர் பெருக்கும் பேபி அக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தார். மாணவர்கள் எழுந்தார்கள். நானும் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். ரோஸி மட்டும் எழவில்லை.

“கெளம்பும்மா, பெருக்கணும்” என்றார் பேபி அக்கா.

“பேரு போடட்டும். அப்பால போறேன்.”

சத்தம் கேட்டு ஆபரேட்டர் சவுரிமுத்து மேலேயிருந்து இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும்.

“இன்னா பேஜாரு? ரெண்டரைக்குப் பெரிய ஹீரோ படம். வெளிய நானூறு பேரு பேப்பர் கிழிச்சிகினு நிக்கிறானுங்க.”

“எம்பேரு வருது, பாத்துட்டுப் போறேன்.”

“உம்பேரா? இன்னாவா நடிச்ச நீ?”

“ரோபோ.”

சவுரிமுத்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் முகம் பொதுவாக யாருக்கும் நம்பிக்கை தராது. அவருக்கும் தரவில்லை. ரோஸி நிமிர்ந்து உட்கார்ந்து, மிர்ராவின் குரலில், இழுக்காமல் நிதானமாகச் சொன்னார்:

“என்னை அணைக்க உனக்கு அதிகாரம் இல்லை, தளபதி.”

வாசல்வரை போய்விட்ட மாணவர்கள் எட்டுப் பேரும் திரும்பினார்கள். “டேய் மச்சான், மிர்ராடா!” என்று ஒருவன் கத்தினான். அத்தனை பேரும் ஓடிவந்து எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். “அண்ணா, போடுங்கண்ணா! நாங்களும் எந்திரிக்க மாட்டோம்!”

சவுரிமுத்து தலையைச் சொறிந்தார். “மூணு நாளா உன் குரலத்தான் கேட்டுகினு கீறேன். குரல்ல ஒரு கொறையும் இல்லம்மா. கததான் வெளங்கல. இது புரியணும்னா முன்ன வந்த மூணு படத்தயும் பாக்கணுமாம், போன்ல ரெண்டு சீரியல் வேற பாக்கணுமாம். படம் பாக்க வந்தவனுக்குப் பரீட்ச வெச்சா எவன் வருவான்?”

“அதச் சொல்ல மாட்றாங்க சார். என்னியச் சொல்றாங்க.”

சவுரிமுத்து படிப்பக்கம் திரும்பினார். “கதவு ரெண்டு இருவதுக்குத் தொறந்துருவாங்க. அது எங்கையில இல்ல. படம் எங்கையில கீது” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

பெயர்கள் ஏற ஆரம்பித்தன. முடிக்கு வண்ணம் பூசியவர், விண்கல் செய்தவர், விண்கல் செய்தவரின் உதவியாளர், அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவர். பேபி அக்கா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். “இம்மாம் பேரு சேந்துமா ஓடல?” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இரண்டு இருபதுக்குக் கதவுகள் திறந்தன. நானூறு பேரும் மேளத்தோடு உள்ளே பாய்ந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் பளிச்சென்று வந்தது:

தமிழ்க் குரல் – ரோஸி.

வந்தவர்களுக்கு அது எந்தப் படத்தின் பேர், யார் பேர் என்று எதுவும் தெரியாது. திரையில் ஒரு பேர் வந்தால் விசிலடித்துப் பேப்பரை வீசுவது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. வீசினார்கள். நானூறு பேரின் விசில். “யாருடா ரோஸி?” என்று ஒருவன் கேட்க, “யாரா இருந்தா இன்னா, அடிடா!” என்றான் இன்னொருவன்.

அடுத்து என் பேர் வந்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு ரசிகர் நாற்காலிமேல் ஏறிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்ததால் அவருடைய முதுகைத்தான் பார்த்தேன்.

ரோஸி அழவில்லை. தலையில் விழுந்த காகிதத்தைத் தட்டவும் இல்லை. கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்தார். ஊரோடு சேர்ந்து மேலே வீசினார். என் மொத்த எழுத்து வாழ்க்கையில் விசில் வாங்கிய படைப்பு அது ஒன்றுதான்.

“அய்யோ, இதயும் நான்தான பெருக்கணும்!” என்றார் பேபி அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வெளியே வந்ததும் ரோஸி போனை வாயருகே வைத்து, கம்பெனிக்குக் குரல்செய்தி அனுப்பினார்.

“சின்மயி மேடம், ரோஸி பேசறேன். என் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல, நல்லா கீது. கையெழுத்துப் போட மாட்டேன். குரல மாத்தறதுன்னா, ரோஸி புடிக்கல, அதான் மாத்தினோம்னு நீங்க எழுதி நீங்களே கையெழுத்துப் போடுங்க.”

இரண்டே நிமிஷத்தில் என் போன் அடித்தது.

“சார், அவங்க எமோஷனலா பேசறாங்க. நீங்கதான் கன்வின்ஸ் பண்ணணும். இல்லன்னா அடுத்த பாகத்துக்கு உங்களப் பத்தியும் யோசிக்க வேண்டியிருக்கும்.”

மூன்று அண்டங்களின் போர்களுக்கு வீரவசனம் எழுதியவன் நான். எனக்கென்று ஒன்று தேவைப்பட்டபோது முதலில் இரண்டே சொல்தான் வந்தது.

“யோசிங்க மேடம்” என்றேன். “அந்த லெட்டர எழுதினது என் தப்பு. இன்னொண்ணு எழுத மாட்டேன்.” சொன்னபோது குரல் நடுங்கியது. டப்பிங்கில் என்றால் இன்னொரு டேக் கேட்டிருப்பார்கள்.

போனை வைத்தேன். ரோஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் வேலை பூட்ச்சா?”

“அநேகமா.”

“சரி வாங்கண்ணா” என்றார் ரோஸி. “பசிக்குது. தாம்பரத்துல கத்திப் பொழைக்க வேற எடமா இல்ல?”

காகிதத் துண்டுகளைத் தட்டிவிடாமலேயே ஜிஎஸ்டி ரோட்டில் முன்னால் நடந்தார். எதிரே வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.