பெஞ்சில் இருந்தவருக்குத்தான் எண்ணெய்

சீனித்தாய் தன் கணவர் சோலையப்பனை வழியனுப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனபோது, அவர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த அலுவலகத்தில் காகிதமே கிடையாது. சம்மதம் சொன்னதும் ஆள் இரண்டாகிவிடுவார். சொன்னவர் பெஞ்சிலேயே தங்கிவிடுவார். மிச்ச ஆள் வீட்டுக்குப் போவார்.

நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரமே சோலையப்பன் வந்து சம்மதம் சொல்லியிருந்தார். மனைவி பெயர் மறந்துபோகிற அன்றைக்குத் தலைக்கு எண்ணெய், குடிக்க இளநீர். அத்தோடு ஆயுள் முடிந்தது. அந்தப் பக்கத்தில் முன்பெல்லாம் முடியாமல் கிடந்தவர்களைக் கேட்காமலேயே அப்படி அனுப்பினார்கள். இப்போது கேட்டுவிட்டு அனுப்புகிறார்கள்.

பெஞ்சில் இருந்தவர் சட்டையில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. வீட்டிலிருந்து வந்தவர் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“என்னங்க,” என்றாள்.

பெஞ்சில் இருந்தவர் மட்டும் திரும்பினார்.

“வா சீனி. மறந்துட்டானா?”

“மறந்துட்டாரு.”

“உன்னை என்னன்னு கூப்பிடுதான்?”

“மதினின்னு.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப சொன்னபடி செய்.”

அதிகாரியம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். அந்த அறையில் யாராவது பொய் சொன்னால் கூரை ஒரு சாண் இறங்கும். அதிகாரியம்மாவுக்கு முதுகு நிரந்தரமாக வளைந்திருந்தது.

“ஐயா, எண்ணெய் தேய்ச்சுக்கச் சம்மதமா?”

வீட்டிலிருந்து வந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இதென்ன கேள்வி? தீபாவளியும் அதுவுமா தேய்க்காம இருப்பாங்களா?”

“புரிஞ்சு சம்மதிச்சுட்டார்,” என்றார் அதிகாரியம்மா. கூரை ஒரு சாண் இறங்கியது.

“எதுக்குன்னு அவருக்குத் தெரியாதும்மா.”

“நீங்களே சொல்லிப் பாருங்க.”

சீனித்தாய் அவர் கையைப் பிடித்தாள். “இதைத் தேய்ச்சா வீட்டுக்குத் திரும்பி வர முடியாது.”

“ஏன், பஸ் இல்லையா?”

அவள் அவருடைய பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

“புதுச்சட்டைக்கு மஞ்சள் வச்சாச்சா மதினி?” என்றார் அவர்.

பெஞ்சில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. “அவன்கிட்ட என்ன கேள்வி? எனக்குத் தெரியும். முழுசாத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்.”

கூரை அசையவில்லை.

சீனித்தாய் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். வீட்டு ஆள்தான் தேய்க்க வேண்டும், அது விதி.

“யாருக்குத் தேய்க்கணும்னு விதி இருக்கா?”

“சம்மதிச்சவருக்கு,” என்றார் அதிகாரியம்மா.

அவள் நேராகப் பெஞ்சுக்குப் போனாள். “சட்டையைக் கழட்டுங்க.”

“எனக்கா?”

“தெரிஞ்சு சொன்னது நீங்கதான. அவரு ஒண்ணும் சொல்லலையே.”

அவர் அவள் சொன்னதை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். எப்போதும் கணக்கில் கெட்டிக்காரர். எங்கேயும் பிசகு தென்படவில்லை போலிருக்கிறது.

“நான் போயிட்டா உன்னைத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லை, சீனி.”

“பரவாயில்லை,” என்றாள்.

கூரை இறங்கி அவள் தலையில் இடித்தது.

அவர் சட்டையைக் கழற்றி, மடிப்புப் பார்த்து மடித்து வைத்தார். அவள் உச்சந்தலையில் எண்ணெயை வைத்தாள். காதுக்குப் பின்னால், பிடரியில், அவசரமில்லாமல் தேய்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “சீனி, சூடு பதமா இருக்கு,” என்றார். இளநீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

பிறகு பெஞ்சில் ஈரம் மட்டும் இருந்தது.

வீட்டிலிருந்து வந்தவர் இதையெல்லாம் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஏறும்போது ஒரு மாடிதான். இறங்க இறங்கப் படிகள் கூடிக்கொண்டே போயின.

“யாரு அந்த அண்ணாச்சி? நல்லா சட்டை போட்டிருந்தாரு.”

“வேண்டப்பட்டவரு.”

“அவருக்கு மட்டும் அழகாத் தேய்ச்சு விட்டீங்க.” குரலில் மெய்யாகவே வருத்தம். “எனக்கு எப்ப மதினி?”

அவள் கை எண்ணெயில் வழுக்கியது. முந்தானையில் துடைத்துவிட்டு, மறுபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“படியைப் பாத்து இறங்குங்க,” என்றாள்.